ஐந்து சுற்று பாக்கி

"அத்தை, குழந்தையைத் தள்ளிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனால் ஓரமாகவே போங்கள். ஓடுகிறவர்கள் வருவார்கள்" என்றார் மாப்பிள்ளை.

"எத்தனை மணிக்கு ஓடுவார்கள்?"

"காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி பன்னிரண்டுக்கு நிறுத்துவார்கள். மறுநாள் ஆறு மணிக்கு மறுபடியும். ஆகஸ்டு வரைக்கும் இப்படித்தான்."

மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் கேலி பேசுகிறவர். நியூயார்க்கில் அணில்களுக்கும் ரேஷன் கார்டு உண்டு என்று ஒருமுறை என்னைப் பாதி நம்பவைத்தவர். ஆகவே இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு, பேரனுக்குத் தொப்பி மாட்டப் போய்விட்டேன்.

2015 ஜூன் மூன்றாம் வாரம் அது. பேரனுக்கு மூன்று மாதம். மகளின் பிரசவ விடுமுறை முடிந்துவிட்டதால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாத விசாவில் நான் போயிருந்தேன். குவீன்ஸ் பகுதியில் ஜமைக்கா ஹில்ஸ் என்று ஒரு மேடு. மேடு என்றால் எங்கள் திருவண்ணாமலைக்காரர்கள் சிரிப்பார்கள். அங்கே அதற்கு மலை என்று பெயர். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் தாமஸ் எடிசன் பெயரில் ஒரு தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளி, பக்கத்தில் விளையாட்டுத் திடல். இரண்டையும் சேர்த்துச் சுற்றி வருகிறது ஒரு சிமென்ட் நடைபாதை. ஒரு பக்கம் 84ஆம் அவென்யூ, ஒரு பக்கம் 168ஆம் தெரு, பின்னால் வண்டிகள் இரைந்துகொண்டே போகும் கிராண்ட் சென்ட்ரல் பார்க்வே.

முதல் நாள் அந்த நடைபாதையில் ஒல்லியாக ஒருவர் என்னைக் கடந்து போனார். எட்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அவரே மறுபடியும் கடந்து போனார். பால் பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டு மாலையில் வந்தேன். அப்போதும் அவரே.

மாப்பிள்ளை கேலி பேசவில்லை.

அது ஒரு போட்டி. செல்ஃப் டிரான்சென்டென்ஸ் 3100 மைல் ஓட்டம் என்று பெயர். ஆண்டுதோறும் நடத்துகிறவர்கள் ஸ்ரீ சின்மோய் மாரத்தான் குழுவினர். 1996இல் 2,700 மைலாக ஆரம்பித்து, போதாது என்று அடுத்த ஆண்டே 3,100 ஆக்கினார்களாம். நம் கணக்கில் 4,989 கிலோமீட்டர். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லிக்குப் போய், அதே ரயிலில் திரும்பி வந்து, சலிக்காமல் திருநெல்வேலிக்கும் ஒரு நடை போனால் கிட்டத்தட்ட அந்தத் தூரம் வரும். அத்தனையும் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றியே. ஒரு சுற்று 0.5488 மைல், அதாவது 883 மீட்டர். மொத்தம் 5,649 சுற்று. கெடு 52 நாள்.

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு கூட்டுறவு வங்கியில் 33 வருடம் வேலை பார்த்தவள். அதில் பெரும்பாலான வருடங்கள் கேஷ் கவுன்டர். எண்ணைக் கேட்டால் என் கை தானாகவே பேனா தேடும். அன்று இரவு பேரன் தூங்கியதும் மகளின் பழைய நோட்டில் 5,649ஐ 52ஆல் வகுத்தேன். 108.6. ஆக, ஒரு நாளைக்கு 109 சுற்று. ஓட அனுமதி 18 மணி நேரம். அப்படியானால் மணிக்கு ஆறு சுற்று. ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம்.

பத்து நிமிடத்தில் 883 மீட்டர்! அதை இரண்டு முறை சரிபார்த்தேன். அது ஓட்டமே இல்லை. காய்கறிப் பையோடு பஸ்ஸைப் பிடிக்கப் போகும் வேகம். நானே போவேன்.

சாப்பிடுவது, கழிப்பறை, கொப்புளத்துக்குக் கட்டுப்போடுவது, பத்து நிமிடம் கண்ணயர்வது எல்லாமே அந்தப் பதினெட்டு மணி நேரத்துக்குள்தான் நடந்தாக வேண்டும் என்பதால் இடையிடையே ஓடித்தான் ஆக வேண்டும். ஆனாலும் அடிப்படை அந்தப் பத்து நிமிடம்தான். 2017இல் யோலாண்டா ஹோல்டர் என்ற அமெரிக்கப் பெண்மணி ஓடாமல் விறுவிறு நடையாகவே இதை 51 நாள் 17 மணி நேரத்தில் முடித்தார் என்று பிற்பாடு படித்தபோது என் வகுத்தல் கணக்கு சரிதான் என்று சந்தோஷமாக இருந்தது. யாராலும் எட்ட முடியாத வேகம் என்று ஒன்று இதில் கிடையாது. யாரும் போகக்கூடிய வேகத்தில், யாராலும் நிற்காமல் இருக்க முடியாத அளவுக்கு நிற்காமல் இருப்பதுதான் வித்தை. 52 நாளில் ஞாயிறு இல்லை, பண்டிகை இல்லை, "இன்று உடம்பு சரியில்லை, லீவு எடுத்துக்கொள்கிறேன்" இல்லை. எடுத்துக்கொள்ளலாம், அந்த 109 மறுநாள் தலையில் ஏறும்.

தினமும் இரண்டு வேளை குழந்தையோடு அங்கே போக ஆரம்பித்தேன். மகள், "அம்மா, வேறு பூங்காவே இல்லையா?" என்று கேட்டாள். இருந்தன. அங்கே எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

அந்த வருடம் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடினார்கள். 84ஆம் அவென்யூ ஓரமாகக் கூடாரம் மாதிரிப் போட்டு, மேஜையில் உணவும் தண்ணீரும் வைத்திருப்பார்கள். உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் கிடையாது. காகிதக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய், தின்றபடியே சுற்றி, அடுத்த சுற்றில் காலிக் கிண்ணத்தைப் போடுவார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரி வரை உள்ளே போக வேண்டுமாம். என் மகள் என்னைச் சாப்பிடவிட்டது 1,500. பாதம் வீங்கிவிடும் என்பதால் பெரிய அளவு ஷூ வாங்கி, விரல் பக்கத்தைக் கத்தியால் அறுத்துத் திறந்துவிட்டிருந்தார்கள். புது ஷூவை அறுப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. சிமென்ட் தரை தார் ரோட்டைவிடக் கடினம். ஒவ்வொருவரும் ஜோடி ஜோடியாக ஷூவைத் தேய்த்து எறிந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் இடது பக்கமாகவே சாய்ந்து போவார், காற்றில் சாய்ந்த சோளத்தட்டை மாதிரி. அவர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நான் வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தேன் என்று பிறகு உணர்ந்தேன்.

ஒரு பக்கத்துக் காலே தேய்ந்துவிடக் கூடாது என்று தினமும் திசையை மாற்றுவார்கள். இன்று வலம் என்றால் நாளை இடம். இது எனக்கு முதலில் பெரிய சங்கடம். முப்பது வருடமாகப் பௌர்ணமிதோறும் கிரிவலம் போகிறவள் நான். இடமாகச் சுற்றுவது என்பதை என் கால்களே ஒப்புக்கொள்ளாது.

கிரிவலம் என்றதும் நினைவு வருகிறது. இந்த ஓட்டத்தை ஏற்படுத்திய ஸ்ரீ சின்மோய் வங்காளத்துக்காரர், 2007இல் காலமாகிவிட்டார். நியூயார்க்குக்கு அவர் போனது 1964இல். அதற்கு முன் இருபது வருடம் எங்கே இருந்தார் என்கிறீர்கள்? பாண்டிச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தில். சிறுவனாக 1944இல் வந்து, அங்கேயே வளர்ந்து, ஓட்டத்திலும் டெகாத்லானிலும் ஆசிரமத்துப் பரிசுகளை வாங்கியவர். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரம். எனக்குக் குருமார்கள் விஷயத்தில் ஈடுபாடு இல்லை; ரமணரையே நான் தூரத்திலிருந்து கும்பிடுகிறவள். ஆனாலும் குவீன்ஸ் நடைபாதையில் நின்றுகொண்டு பாண்டிச்சேரி என்ற பெயரைக் கேட்டபோது, ஊர்க்காரர் யாரோ நடத்தும் கல்யாணத்துக்கு வந்துவிட்ட மாதிரி ஓர் உரிமை வந்துவிட்டது.

அந்தப் பெயரைச் சொன்னவர் சுற்று எண்ணும் மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். என் ஆங்கிலம் கவுன்டர் ஆங்கிலம்: எவ்வளவு, எப்போது, கையெழுத்து போடுங்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது. இத்தனை பெரிய போட்டியில் கணக்கு வைத்தது மனிதக் கண்ணும் பென்சிலும்தான். ஓடுகிறவர் மேஜையைக் கடப்பார், எண்ணுகிறவர் பார்ப்பார், தாளில் ஒரு குறி விழும். யாராவது பேச்சுக் கொடுத்தாலும் அவர் கண் ஓட்டப் பாதையைவிட்டு அகலாது. நோட்டு எண்ணும்போது வாடிக்கையாளர் பேச்சுக் கொடுப்பாரே, அப்போது நாங்கள் உதட்டை அசைத்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டுவோம். அதே தலையாட்டல். நான் அவரோடு சிநேகமானது அதனால்தான்.

1987 என்று நினைவு. ஒரு சனிக்கிழமை என் கவுன்டரில் ஐந்நூறு ரூபாய் குறைந்தது. அப்போது அது என் சம்பளத்தில் பெரிய பங்கு. கட்டுக் கட்டாகப் பிரித்து, ரசீதை ரசீதாகப் புரட்டி இரவு ஒன்பதரை வரை உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை. வங்கியில் குறைந்த பணத்தை அன்றே கையிலிருந்து கட்டிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. கணவர் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்தார். பெட்டகத்தைப் பூட்டி, கணக்கை முடித்துவிட்டு வெளியே வந்தபோது கால்களில் உயிர் இல்லை. அந்த வகை அசதியைத்தான் நள்ளிரவில் அந்த ஓட்டக்காரர்களிடம் பார்த்தேன். பேரன் அழுத ஓர் இரவு, மாப்பிள்ளை அவனைக் காரில் போட்டுச் சுற்றிக் காட்டியபோது நானும் போனேன். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். ஒருவர் கடைசிச் சுற்றை முடிக்கப் போகிறாரா, இல்லை இத்தோடு நிறுத்தப் போகிறாரா என்று மேஜை பக்கம் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் போனார். வங்கியில் பற்றாக்குறையை அடைக்கக் கணவர் சைக்கிளில் வருவார். இங்கே மறுநாளைய அவரே வந்து அடைக்க வேண்டும். அந்த மறுநாளைய ஆள் நான்கைந்து மணி நேரம்தான் தூங்கியிருப்பார்.

முதலில் பார்த்த அந்த ஒல்லி மனிதர் பெயர் அஷ்பிரிஹனல் ஆல்ட்டோ. பின்லாந்துக்காரர். ஹெல்சின்கியில் வீடு வீடாகப் பத்திரிகை போடும் வேலை. இந்த ஓட்டத்தைப் பல முறை முடித்தவர். அவர் 109 போட்டு நிறுத்தவில்லை. சராசரியாகத் தினமும் 140. எங்கள் கணக்கில் ஒரு நாளைக்கு ஒன்பது கிரிவலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்போதிருந்த சாதனை 2006இல் ஜெர்மனியின் வோல்ஃப்காங் ஷ்வெர்க் வைத்தது: 41 நாள் 8 மணி 16 நிமிடம் 29 விநாடி. ஜூலை நடுவில், ஆல்ட்டோ அதை உடைத்துவிடுவார் என்று மேஜைக்காரர்கள் மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். நானும் தினமும் மீதிச் சுற்றுகளை வகுத்து, மாப்பிள்ளை அலுவலகத்திலிருந்து வந்ததும் அறிக்கை வாசிப்பேன். அவர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போலக் கேட்டுக்கொள்வார்.

ஜூலை 24, வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று மணிவாக்கில் முடிப்பார் என்பது என் கணக்கு. மதியம் இரண்டரைக்குப் பேரனுக்குத் தடுப்பூசி. மகள் அரை நாள் லீவு போட்டிருந்தாள், நானும் கூடப் போக வேண்டும். "வேறு நாள் மாற்ற முடியுமா?" என்று கேட்டதற்கு அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நாலரைக்குத்தான் திரும்பினோம். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மூன்று ஆறுக்கு முடித்துவிட்டிருந்தார். 40 நாள் 9 மணி 6 நிமிடம் 21 விநாடி. பழைய சாதனையைவிட 23 மணி 10 நிமிடம் 8 விநாடி குறைவு. ஒன்பது வருடம் நின்ற சாதனை, ஒரு நாளுக்கும் குறைவான வித்தியாசத்தில் உடைந்தது. பூங்கொத்து, பாட்டு எல்லாம் முடிந்துபோய்க் கொஞ்சம் பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய பரிசுத் தொகை எதுவும் கிடையாது.

என் சிநேகிதி மேஜையில்தான் இருந்தார். எழுந்திருக்கவே இல்லை. சாய்ந்து ஓடுகிறவர் அப்போதுதான் திருப்பத்தில் தெரிந்தார். அவருக்கு ஒரு குறி போட்டுவிட்டுத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பெண்களில் ஆஸ்திரியாவின் சுரசா மைரர் ஓடிக்கொண்டிருந்தார். ஐம்பதைக் கடந்தவர். ஆகஸ்டு 2, ஞாயிறு; வீட்டில் எல்லோரும் இருந்ததால் யாரும் என்னைத் தடுக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன் அவர் முடித்ததைக் கண்ணால் பார்த்தேன். 49 நாள் 7 மணி 52 நிமிடம். சுப்ரபா பெக்ஜோர்ட் 1998இல் வைத்திருந்த பெண்கள் சாதனை அன்று போயிற்று. (2017இல் ஸ்லோவாக்கியாவின் கனீனிகா ஜனகோவா 48 நாளாகக் குறைத்து அதையும் தாண்டிவிட்டார்.) அந்த சுப்ரபா 1997 முதல் தொடர்ந்து பதின்மூன்று வருடம் இந்த ஓட்டத்தை ஓடியவர். பதின்மூன்று கோடைக்காலம். என்னைக் கேட்டால் எல்லாச் சாதனைகளையும்விட எனக்குப் பெரியது அதுதான். ஒரு முறை செய்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாது. இரண்டாம் முறை வருகிறவருக்குத் தெரியும்.

இப்போது வாட்ஸ்அப்பில் கிளிஃப் யங் கதை வாரம் ஒருமுறை வருகிறது. 1983இல் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு 875 கிலோமீட்டர் ஓடி ஜெயித்த 61 வயது உருளைக்கிழங்கு விவசாயி. "இடையில் தூங்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது, அதனால் ஜெயித்தார்" என்று முடித்து, கீழே ஓர் உதயசூரியன் படம் போட்டிருப்பார்கள். படித்தால் எனக்குக் கோபம் வரும். அவர் ஒன்றும் விவரம் தெரியாமல் வந்தவர் அல்ல. அதற்கு முந்தைய வருடமே கோலாக் ஊரில் ஆயிரம் மைல் சாதனைக்கு முயன்று, பாதி தாண்டியதும் முடியாமல் விட்டவர். 805 கிலோமீட்டரில் நின்ற மனிதர் மறு வருடம் 875ஐ முடித்திருக்கிறார். அந்தப் பற்றாக்குறையை மறைத்துவிட்டு, வெகுளிக் கிழவர் என்று ஒரு பொம்மையைச் செய்துவிட்டார்கள்.

சரி, என் பற்றாக்குறைக்கு வருகிறேன்.

அந்த ஜூலையில் இரண்டு பௌர்ணமி. முதலாவது, நியூயார்க் நேரப்படி ஜூலை 1 இரவு. கிரிவலம் தவறிப்போகிறதே என்று இரண்டு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஃப்ளஷிங் கணபதி கோவிலுக்கு அழைத்துப் போகிறேன் என்றார் மாப்பிள்ளை. அங்கே தோசை நன்றாக இருக்கும். ஆனால் தோசை கிரிவலம் ஆகாது. நோட்டை எடுத்தேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை 883 மீட்டரால் வகுத்தால் 15.85. பதினாறு சுற்று. மகள் வாங்கிக் கொடுத்த கேன்வாஸ் ஷூவைப் புடவைக்குக் கீழே மாட்டிக்கொண்டு மாலை ஆறரைக்குக் கிளம்பினேன். பொது நடைபாதைதானே, யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.

அன்று அவர்கள் இடமாகச் சுற்றும் நாள். நான் மாறவில்லை, வலமாகத்தான் நடந்தேன். ஆகவே ஒவ்வொருவரும் எனக்கு எதிரே வந்தார்கள். அதுவரை முதுகையே பார்த்திருந்தவள், அன்றுதான் முகங்களைப் பார்த்தேன். வேதனை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. மாலை நாலு மணிக்கு மேல் கேஷியர் முகம் எப்படி இருக்குமோ அப்படி. இரண்டாவது சுற்றிலிருந்து சிலர் தலையசைத்தார்கள். ஒருவர் கை கூப்பினார்.

நாலாவது சுற்றில் நான் மனதுக்குள் அக்னி லிங்கத்தைத் தாண்டினேன். ஏழாவதில் நிருதி லிங்கம். எட்டரைக்கு மேல் இருட்டியது. ஊராக இருந்தால் சுக்குக் காபிக்காரர் குரல் கொடுக்கும் இடம் இது. ஒன்பதாவது சுற்றில் வலது முழங்கால் முதல் குரல் கொடுத்தது. கிரிவலத்தில் அது குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில்தான் பேசும். சிமென்ட் தரை முன்கூட்டியே பேசவைத்துவிட்டது. இன்னும் ஏழு சுற்று. ஏழு என்பது எவ்வளவு பெரிய எண் என்று 33 வருடம் எண்ணியும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆல்ட்டோ அதற்குள் என்னை எத்தனை முறை எதிர்கொண்டார் என்பதை எண்ணத் தவறிவிட்டேன். அந்த அளவுக்கு வலி.

பதினோராவது முடியும்போது போன் அடித்தது. "அம்மா, பால் குடிக்க மாட்டேன் என்கிறான். எங்கே இருக்கிறாய்? மணி ஒன்பதரை ஆகிறது" என்றாள் மகள். உண்மையைச் சொல்கிறேன், போன் வந்ததில் எனக்கு நிம்மதி. பேரன்மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். படியேறும்போது பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக ஏற வேண்டியிருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜன்னலோரம் நின்று காபி குடித்தபோது, அங்கே அவர்கள் ஆரம்பித்திருப்பார்கள் என்ற நினைப்பே முழங்காலில் வலித்தது. நோட்டில் எழுதினேன்: 1-7-15, நடந்தது 11, பாக்கி 5.

ஜூலை 31 அடுத்த பௌர்ணமி. முழங்கால் வீக்கம் வடிந்திருக்கவில்லை. நவம்பரில் ஊருக்குத் திரும்பினேன். பாக்கி அப்படியே நின்றுவிட்டது.

ஐந்து சுற்று என்றால் 4.4 கிலோமீட்டர். "திருவண்ணாமலையிலேயே கூடுதலாக நடந்து கழித்துவிடேன். இப்போதெல்லாம் எந்தக் கிளையில் வேண்டுமானாலும் கட்டலாமே அம்மா" என்கிறான் மகன். அவன் ஐ.டி.காரன், அப்படித்தான் பேசுவான். எங்கள் காலத்தில் ஒரு கிளையின் பற்றாக்குறையை இன்னொரு கிளையில் கட்ட முடியாது.

பேரனுக்கு இப்போது பத்து வயது. அந்த ஓட்டம் வெயில் கடந்து ஆகஸ்டு கடைசியில் ஆரம்பிக்கும் வழக்கத்துக்கு மாறிவிட்டது. பள்ளி திறந்தபின் அவன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஓடுகிறவர்களைப் பார்க்கிறான். போன மாதம் வீடியோவில் வந்து, "பாட்டி, உன் பாக்கி ஐந்தையும் நான் முடித்துவிட்டேன்" என்றான். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிவந்திருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நோட்டைக்கூட எடுத்துவிட்டேன். பின்னால் அவன் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது தெரிந்தது.

சைக்கிள் செல்லாது என்று சொல்லிவிட்டேன்.